முத்துச் சிப்பியும் நம் உடம்பும்: நோய் எதிர்ப்பாற்றல் பற்றி ஒரு பாடம்

போன மாதக் கூட்டம் முடிகிற நேரத்தில் புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வந்திருக்கும் ஒரு தம்பி எழுந்து கேட்டார். "அண்ணாச்சி, நஞ்சில்லாத சாப்பாடு சாப்பிட்டா எதிர்ப்பு சக்தி வந்துரும், நோயே வராதுன்னு எல்லாரும் சொல்லுதிய. அது நெசமா?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் "ஆமா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "கட்டுரையாவே எழுதுதேன் தம்பி, விலாவாரியாச் சொல்லணும்" என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்கிறேன்.

நான் செய்த தப்பு

எனக்கு ஏரல் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் வாழை. என் அக்காவைத் தூத்துக்குடி உப்பளப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அத்தான் உப்பளத்தில் வேலை, உப்பு இல்லாத மாதங்களில் துறைமுகத்தில் சுமை. ஒரு வருஷம் கார்த்திகையில் அவருக்கு இருமல் பிடித்தது. அக்கா போன் பண்ணினாள். "தம்பி, அவிய ராத்திரி பூரா இருமுதாவ. சாயங்காலமானா மேலு காயுது. ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்காவ."

நான் அப்போது இயற்கைக்கு மாறி நாலு வருஷம். புதிதாக மாறியவனுக்கு இருக்கும் வேகம் எனக்கும் இருந்தது. "ஆசுபத்திரி எதுக்கு? நான் கசாயம் கொண்டாறேன்" என்றேன். ஆடாதொடை, தூதுவளை, துளசி, மிளகு என்று வாரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருமல் கொஞ்சம் அடங்கியது. அதுதான் ஆபத்தாகப் போனது. அடங்கியது இருமல் மட்டும்தான், நோய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. தை, மாசி போய்ப் பங்குனியில் சளியில் ரத்தம் வந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சளியைச் சோதித்தார்கள். காசநோய். அப்போது அத்தான் எடை 41 கிலோ.

அதோடு நிற்கவில்லை. வீட்டில் எல்லாரையும் சோதித்தபோது அக்கா மகள், பதினோரு வயசுப் பிள்ளை, அவள் கழுத்தில் இருந்த கட்டியும் காசநோய்க் கட்டி என்று தெரிந்தது. நான் கசாயம் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மாதங்கள் முழுக்க அந்தப் பிள்ளை அதே ஒற்றை அறை வீட்டில்தான் படுத்திருந்தது.

எதிர்ப்பாற்றல் என்றால் என்ன என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிப்பி கற்றுக்கொடுப்பது

நம் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பேர். கொற்கையில் இன்றைக்கு வாழையும் நெல்லும்தான் இருக்கின்றன, கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனால் பாண்டியர் காலத்தில் முத்து வணிகம் நடந்த துறைமுகம் அது. தூத்துக்குடிக் கடலில் பார்களில் முத்துக்குளிப்பது 1961-ஓடு நின்றுபோனது.

முத்து எப்படி உண்டாகிறது? மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. மணல் துகள் என்பது பள்ளிக்கூடத்தில் சொன்னது. சிப்பி மணலிலும் சேற்றிலும் வாழ்கிற உயிர், மணலை வெளியே தள்ள அதற்குத் தெரியும். தள்ள முடியாமல் சதைக்குள் ஏதாவது புகுந்துவிட்டால்தான் சிக்கல். 1902-இல் இலங்கை முத்துப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மன், ஹார்னெல் என்ற இருவரும் நாடாப்புழு வகையின் இளம்புழுதான் முத்துக்குக் கரு என்றார்கள். எல்லா முத்துக்கும் அது பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். ஒட்டுண்ணியோ, அடிபட்ட தசையோ, வேறு எதுவோ, காரணம் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். ஓட்டின் உள்பக்கம் பளபளப்பைப் பூசுகிற தோல் உயிரணுக்கள் உள்ளே சிக்கிய பொருளைச் சுற்றிப் பை மாதிரி வளர்கின்றன. அந்தப் பை உள்பக்கமாக அடுக்கடுக்காகப் பூச ஆரம்பிக்கிறது. கொல்ல முடியாத, துரத்தவும் முடியாத விருந்தாளியை அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறது சிப்பி. அந்தப் பூட்டிய அறைதான் முத்து.

இதைப் புரிந்துகொண்டுதான் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமி 1973-இல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார். ஒரு சின்ன உருண்டையோடு இன்னொரு சிப்பியின் தோலில் இருந்து ஒரு துண்டையும் வெட்டி உள்ளே வைப்பார்கள். அந்தத் துண்டுதான் பையாக வளர்ந்து உருண்டையை மூடும். சில சிப்பிகள் உருண்டையை ஏற்காமல் வெளியே துப்பியும்விடும்.

சிப்பியின் நிறமில்லாத ரத்தத்திலும் காவல் அணுக்கள் உண்டு. கிருமி வந்தால் விழுங்கும், பெரிதாக இருந்தால் கூட்டமாகச் சூழ்ந்து மூடும். இப்படி விழுங்கும் அணுக்களை எதிர்ப்பாற்றலோடு சேர்த்து முதலில் விளங்கிக்கொண்டவர் ரஷ்ய நாட்டு அறிஞர் மெச்னிகோஃப். 1882-இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் நட்சத்திர மீனின் கண்ணாடி மாதிரித் தெரியும் குஞ்சுக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தார். முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. இதற்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றார்.

நமக்குக் காலில் முள் குத்தினால் சீழ் கட்டுகிறதே, அதுவும் இதேதான். சீழ் என்பது பெரும்பாலும் சண்டை போட்டுச் செத்த காவல் அணுக்கள்.

நம் உடம்பின் மூன்று காவல்கள்

முதல் காவல் வேலி. தோல், மூக்குச் சளி, கண்ணீர், எச்சில், வயிற்று அமிலம். வேலியில் ஓட்டை விழுந்தால்தான் ஆடு உள்ளே வரும். களை பறிக்கிற கை வெடித்திருந்தாலும், உப்பளத்தில் கால் பிளந்திருந்தாலும் அது வேலியில் விழுந்த ஓட்டை.

இரண்டாவது காவல், சிப்பிக்கும் நமக்கும் பொதுவான விழுங்கும் அணுக்கள். யார் எவர் என்று பார்க்காது. அந்நியன் என்று தெரிந்தால் பாயும். காய்ச்சல், வீக்கம், சிவப்பு, வலி எல்லாம் இந்தச் சண்டையின் அடையாளங்கள்.

மூன்றாவது காவல் சிப்பிக்குக் கிடையாது, நமக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் உண்டு. ஒரு தடவை வந்த எதிரியின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கும் படை அது. அந்த எதிரிக்கு மட்டும் பொருந்தும் எதிர்ப்பொருளைச் செய்துவிடும். முதல் தடவை இதைச் செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதே எதிரி மறுபடி வந்தால் உடனே வேலை ஆரம்பமாகும். ஒருதரம் தட்டம்மை வந்தவருக்கு மறுபடி வராதது இதனால்தான். நோயை அனுபவிக்காமலே எதிரியின் முகத்தை மட்டும் காட்டிக் கொடுப்பதுதான் தடுப்பூசி.

காவல் தவறும் நான்கு விதம்

"எதிர்ப்பு சக்தி குறைஞ்சா நோய், கூடினா ஆரோக்கியம்" என்று தராசு மாதிரிப் பேசுகிறோம். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி. காவல் நான்கு விதமாகத் தவறும்.

*ஒன்று: காவல் பலவீனமாவது.* பட்டினி, சர்க்கரை நோய், எச்ஐவி, குடி, புகை, முதுமை எல்லாம் காவலைத் தளர்த்தும். காசநோய் இதில் சேரும், கீழே தனியாகச் சொல்கிறேன்.

*இரண்டு: தேவையில்லாமல் பாய்வது.* இதுதான் ஒவ்வாமை. வைக்கோல் தூசியில் தும்முவதும், சிலருக்கு இறால் சாப்பிட்டால் தடிப்பதும், ஆஸ்துமாவில் பெரும்பாலானவையும் இந்த வகை. நம் வயலில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவிய களை. பலவருஷம் வெறுங்கையால் பறித்தவர்களுக்கு ஒருநாள் திடீரென்று கை, கழுத்து, முகமெல்லாம் அரித்துக் கறுத்துத் தடிக்கும். செடியின் பொருளை உடம்பு எதிரி என்று பதிந்துகொண்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனாலே வரும். மூடாக்குக்கோ கம்போஸ்டுக்கோ பார்த்தீனியம் எடுப்பவர்கள் பூ விடும் முன், கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு பறியுங்கள்.

*மூன்று: சொந்த வீட்டையே தாக்குவது.* மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதம், சின்னப் பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய், தைராய்டு கோளாறுகளில் பல, தோலில் வெண்புள்ளி இவையெல்லாம் காவல் படை நம் தசையையே எதிரி என்று தப்பாக எண்ணுவதால் வருபவை. இவர்களுக்குப் படையை அடக்கத்தான் மருத்துவர் மருந்து கொடுக்கிறார். அவர்களிடம் போய் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி" விற்பது எரிகிற வீட்டில் காற்று விசிறுகிற மாதிரி.

*நான்கு: காவல் நன்றாக இருந்தும் எதிரி முந்திக்கொள்வது.* வெறிநாய்க்கடியும் ரணஜன்னி என்கிற டெட்டனஸும் இந்த வகை. வெறிநாய்க் கிருமி நரம்பு வழியாக ஒளிந்து மூளைக்குப் போய்விடும், அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. டெட்டனஸ் கிருமியின் விதை மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. நாம் தினமும் கைவைக்கும் ஜீவாமிர்தத் தொட்டியும் எருக்குழியும் அதற்கு வெளியே இல்லை. அதன் நஞ்சு எவ்வளவு கடுமை என்றால், ஆளைச் சாய்க்கும் அளவு நஞ்சுகூட, உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவைவிடக் குறைவு. அதனால் ஒருதரம் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பாற்றல் வராது, ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். இயற்கை உழவர்தான் இந்த ஊசியை யாரையும்விட ஒழுங்காகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காசநோய்: உடம்புக்குள் ஒரு முத்து

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் போனால் விழுங்கும் அணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் இது விழுங்கினாலும் சாகாத கிருமி. அப்போது உடம்பு சிப்பி செய்வதைச் செய்கிறது. அணுக்களை அடுக்கி, சுற்றிச் சுவர் எழுப்பிப் பூட்டி வைக்கிறது. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கிருமி உள்ளே போயிருக்கலாம் என்பது கணிப்பு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களுக்குப் பூட்டு அப்படியே இருக்கிறது.

சிப்பியின் முத்து கல், உடையாது. நம் உடம்பின் சுவர் அப்படி இல்லை. தினமும் ஆள் போட்டுக் காவல் காக்கும் சுவர் அது. ஆளுக்குச் சாப்பாடு இல்லை என்றால் சுவர் இடியும். அத்தானுக்கு அதுதான் நடந்திருக்கும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை, வீட்டில் ஒருவேளைச் சோறு, அதுவும் ரசமும் ஊறுகாயும்.

அப்படியானால் உணவே மருந்து என்பது சரிதானே என்பீர்கள். இங்கே இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சென்னையில் நடந்தது. 1956-இல் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்த்து நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று என்றுதான் வைத்தியம். இவர்கள் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி சென்னையின் ஏழை வீடுகளில். மருந்து இருவருக்கும் ஒன்றே, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், இடம் நெருக்கடி, வேலையும் செய்தார்கள். ஆனாலும் குணமானது ஏறக்குறைய இருபக்கமும் ஒரே அளவுதான். மருந்து ஒழுங்காகப் போனால் ஏழைச் சாப்பாட்டிலும் கிருமி சாகும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் ஊர். சானடோரியங்கள் மூடியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இரண்டாவது, ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023-இல் வெளிவந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. சென்னையில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினர். நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள். ஒரு பகுதி குடும்பங்களில் நோயில்லாதவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் சாவு குறைவாக இருந்தது.

இரண்டையும் சேர்த்தால் பாடம் தெளிவு. வந்த கிருமியைக் கொல்வது மருந்து. வராமல் சுவரைக் காப்பதும், வந்தவரைத் தேற்றி எடுப்பதும் உணவு. நான் செய்த தப்பு, உணவை மருந்தின் இடத்தில் கொண்டுபோய் வைத்தது. இன்னொரு விஷயமும் கவனியுங்கள். அந்த ஆய்வில் கொடுத்தது அபூர்வ மூலிகை எதுவும் இல்லை, அரிசியும் பருப்பும்தான்! கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளையும் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும், நம் கரையில் வந்து இறங்கும் சாளையும் நெத்திலியும், வீட்டுக்கோழி முட்டையும், கொல்லை முருங்கையும்தான் எதிர்ப்பாற்றல். விளைவிப்பது நாம். உழவர் செய்யும் மருத்துவம் அதுதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

தொழுவத்திலும் தோட்டத்திலும்

இதே பாடத்தைத் தொழுவத்தில் பாருங்கள். மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே எதிர்ப்பொருளைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அந்த வழி கிடையாது. சீம்பாலில்தான் எல்லாம் வருகிறது. கன்றின் குடல் அந்த எதிர்ப்பொருளை அப்படியே உறிஞ்சும் கதவு பிறந்த சில மணி நேரம்தான் நன்றாகத் திறந்திருக்கும், ஒரு நாளில் மூடிவிடும். "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் பால் விடலாம்" என்று நம் ஊரில் காத்திருப்பார்கள். காத்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முதல் பால், முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். மிச்சம் இருந்தால் நமக்குத் திரட்டுப்பால்.

செடிக்கு ஓடித்திரியும் காவல் அணுக்கள் கிடையாது. ஒவ்வொரு உயிரணுவும் தானே காவல். ஓரிடத்தில் தாக்குதல் நடந்தால் மற்ற இலைகளுக்குச் சேதி போய் அவையும் தயாராகும். வேரில் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா குடியிருந்தால் இந்தத் தயார்நிலை கூடும். யூரியா அதிகமாகப் போனால் இலை மெத்தென்று ஆகி வேலி மெலியும். ஆனால் இங்கேயும் எல்லை உண்டு. வாழை வாடல் நோயில் பூஞ்சை ஏறாமல் தடுக்க மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைக்கிறது. அடைப்பு நேரத்தோடு, சரியான இடத்தில் நடந்தால் தப்பிக்கும். பிந்தினால் அந்த அடைப்பும் சேர்ந்தே வாட வைக்கும். மண் எவ்வளவு வளமாக இருந்தாலும் நோய் உள்ள கிழங்கை நட்டால் வாடல் வரத்தான் செய்யும். நல்ல மண்ணும் வேண்டும், நல்ல கன்றும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம், இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம்.
2. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. நன்றாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும்.
3. வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு.
4. சிகிச்சையில் இருப்பவருக்கு உணவுக்காக அரசு கொடுக்கும் உதவி 2024 நவம்பரில் இருந்து மாதம் 1,000 ரூபாய். கேட்டு வாங்குங்கள். நம் குழுக்கள் அவர்கள் வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ பயறு கொடுத்தால் அது பெரிய காரியம்.
5. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.
6. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசி. பச்சிலை வைத்துக் கட்டக் கூடாது.
7. மண்வெட்டி, ஆணி, முள் பட்ட காயத்தைச் சாணத்தில் படவிடாதீர்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று குறித்து வையுங்கள்.

அத்தான் இப்போது எங்களோடு இருக்கிறார். ஆறு மாத மருந்து முடிந்து எடை 52 கிலோவுக்கு வந்தது. நோய் போய்விட்டது. ஆனால் ஒரு பக்க நுரையீரலில் தழும்பு நிரந்தரம். உப்பு மூட்டை தூக்க முடியாது, ஏணி ஏறினால் மூச்சு வாங்கும். எங்கள் தோட்டத்தில் பயறு காயப்போட்டுப் புடைத்து, விதை பிரித்து வைக்கிறார். மருமகள் நன்றாகிவிட்டாள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

ஒருநாள் களத்தில் உட்கார்ந்திருந்தபோது, "அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா இப்படி ஆயிருக்காது அத்தான்" என்றேன். அவர் முறத்தை நிறுத்தாமலே சொன்னார். "நீ கெடுக்கணும்னா கசாயம் கொடுத்த? போட்டும் மாப்ள. இனி வாரவனுக்காவது வெவரமாச் சொல்லு."

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான். நஞ்சில்லாத, வயிறு நிறையும் சாப்பாடு உங்கள் வேலியைக் கட்டும், காவலாளுக்குக் கூலி கொடுக்கும். நோயே வராது என்று அது சத்தியம் பண்ணாது. வந்தால் முதல் வாரத்திலேயே சோதிக்கப் போங்கள். திரும்பி வந்து நம் கம்பங்கூழைக் குடிக்கலாம்.